பத்தரை மணி வானத்தில் பாஸ் ஆன மொடல் பின்னேர மழையில் என்ன செய்யும்?

இராவணா-1 ஞாபகம் இருக்கிறதா? 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் வொலொப்ஸ் தளத்திலிருந்து சிக்னஸ் சரக்குக் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், அந்த வருடம் ஜூன் 17ஆம் திகதி அங்கிருந்து வெளியே விடப்பட்ட இலங்கையின் முதல் கியூப்சாட், அதாவது கனசதுரப் பெட்டி போன்ற சிறு செய்மதி. ஒரு பக்கம் பத்து சென்ரிமீற்றர், எடை ஏறக்குறைய ஒரு கிலோ, இந்த அளவைத்தான் ஒரு யூனிட் என்பார்கள். ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகம் நடத்திய பேர்ட்ஸ்-3 திட்டத்தில் நேபாளத்தினதும் ஜப்பானினதும் செய்மதிகளோடு சேர்ந்து உருவானது. இங்கே அதற்குப் பொறுப்பு மொறட்டுவை, கட்டுபெத்தையில் இருக்கிற ஆதர் சி. கிளார்க் நிறுவகம். அப்போது பேஸ்புக்கில் பாதிப் பேர் பெருமைப்பட்டார்கள், மீதிப் பேர் பெயரை வைத்துச் சண்டை பிடித்தார்கள்.

இப்போது கொழும்பிலும் மொறட்டுவையிலும் இறுதி வருட ப்ரொஜெக்ட் தேடும் பிள்ளைகள் கேட்பது வேறு. செய்மதிக்குள்ளேயே ஏஐ ஓட விடலாமா? விடலாம். விட்டும் இருக்கிறார்கள். 2022 மார்ச்சில் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட கிட்சுனே என்ற ஆறு யூனிட் கியூப்சாட்டும் கியூஷு நிறுவகத்தின் திட்டம்தான், அதில் ஆதர் கிளார்க் நிறுவகமும் சம்பந்தப்பட்டிருந்தது. காட்டுத்தீப் படங்களைச் செய்மதியிலேயே பிரித்தறிய ஒரு நியூரல் நெட்வேர்க் அதற்காகத் தயாரானது. ஆகவே முடியுமா என்று யாரும் இனிக் கேட்கத் தேவையில்லை. மேலே போனபிறகு கை வைக்க முடியாத ஒரு பெட்டிக்குள் போகும் ஏஐ மொடலைக் கீழே எங்கே வைத்துச் சோதிப்பது என்பதுதான் கேள்வி, அதற்கு இப்போது எல்லோரும் சொல்லும் பதில் டிஜிட்டல் இரட்டை, அதாவது செய்மதியின் கணினிப் பிரதி. நல்ல பதில்தான். ஆனால் அந்த இரட்டைக்குள் யாருடைய வானம் இருக்கிறது, யாருடைய பற்றரி இருக்கிறது என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது.

முதலில், மேலேயே ஏஐ எதற்கு? காரணம் ரேடியோ. 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒரு சிறு செய்மதி நம் தலைக்கு மேலே வரும்போது, ஒரு பக்கத் தொடுவானத்தில் ஏறி மறுபக்கம் இறங்கும் வரை நமக்குக் கிடைப்பது அதிகபட்சம் பத்து நிமிடம். யூஎச்எஃப் அலைவரிசையில் விநாடிக்கு 9,600 பிட் என்பது இந்த ரகச் செய்மதிகளில் சாதாரண வேகம். பத்து நிமிடமும் ஒரு பிட் தவறாமல் வாங்கினாலும் கைக்கு வருவது 720 கிலோபைட், போனில் எடுக்கிற ஒரு படத்துக்கே அது காணாது. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை சுமார் 430 கிலோமீற்றரை அது ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். அந்த ஒரு நிமிடத்தில் எடுத்த படங்களில் தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் பெரும்பாலானவை வெறும் வெள்ளை. வெள்ளையை இறக்குவதற்கு ஒரு நாள் பாஸ் (செய்மதி நம் தலைக்கு மேலே கடந்து போகும் நேரம்) முழுவதையும் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே படத்தை மேலேயே பார்த்து, உதவாததை அங்கேயே எறிந்துவிடு என்று ஒரு சின்ன மொடலிடம் பொறுப்பைக் கொடுக்கிறோம்.

இதை முதலில் பெரிதாகச் செய்து காட்டியது ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஃபை-சாட்-1. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி வேகா ரொக்கெட்டில் போனது, ஆறு யூனிட் கியூப்சாட், ஹைப்பர்ஸ்கவுட்-2 என்ற கமெரா, அதோடு இன்டெலின் மிரியட் 2 சிப். அதில் ஓடிய கிளவுட்ஸ்கவுட் என்ற மொடலின் வேலை ஒன்றேதான்: படத்தில் 70 வீதத்துக்கு மேல் மேகம் என்றால் ஒதுக்கு. சோதனையில் 92 வீதம் சரியாகச் சொன்னது, 1.8 வொட் மின்சாரம் எடுத்தது. ஆனால் அதைக் கட்டியவர்கள் கவலைப்பட்டது இன்னொரு எண்ணைப் பற்றி. நல்ல படத்தை மேகம் என்று தப்பாகச் சொல்லும் விகிதத்தை ஒரு வீதத்தளவில் வைத்திருந்தார்கள். மேகப் படம் ஒன்று தவறிக் கீழே வந்தால் கொஞ்ச நேரம்தான் வீண், நல்ல படத்தை எறிந்துவிட்டால் அது போனது போனதுதான்.

இங்கே ஒரு சிக்கல். மொடலைப் பழக்கப் படங்கள் வேண்டும். ஹைப்பர்ஸ்கவுட்-2 இன்னும் மேலே போகவே இல்லை, அப்போது அதன் படங்கள் எங்கே இருக்கும்? ஆகவே சென்டினல்-2 செய்மதியின் படங்களை எடுத்து, புதிய கமெராவில் எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி மாற்றிப் பழக்கினார்கள். 2024 ஓகஸ்டில் போன ஃபை-சாட்-2க்கு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், அதில் ஓட விடும் மொடலுக்காக நடத்திய போட்டியில் கலந்துகொண்டவர்களுக்கு ஒரு படச் சிமியுலேட்டரையே கொடுத்தார்கள். சென்டினல் படத்தை உள்ளே போட்டால் கமெராவின் இரைச்சல், வில்லையின் மங்கல், வண்ணப் பட்டைகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் நகர்ந்திருப்பது எல்லாம் சேர்ந்து வெளியே வரும். டிஜிட்டல் இரட்டையின் கண் பகுதி என்று இதைச் சொல்லலாம்.

சரி, இரட்டை என்றால் சரியாக என்ன, சாதாரணச் சிமியுலேட்டருக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? சிமியுலேட்டர் ஒரு பொதுவான செய்மதியைப் பற்றியது. சுற்றுப்பாதை, சூரியன், காந்தப்புலம், பற்றரி எல்லாம் சமன்பாடுகளாக இருக்கும், ஓட விட்டால் ஓடும். இரட்டை மேலே பறக்கிற அந்த ஒரே ஒரு செய்மதியைப் பற்றியது. அதன் டெலிமெட்ரி, அதாவது தன் நிலையைப் பற்றி அது அனுப்பும் அளவீடுகள், ஒவ்வொரு பாஸிலும் கீழே வந்து கணினியில் இருக்கும் பிரதியைத் திருத்த வேண்டும், பிரதியில் பார்த்துப் பரீட்சித்த கட்டளை மேலே போக வேண்டும். இந்தப் போக்குவரத்து இல்லாவிட்டால் அது அழகான படம் மட்டும்தான். யோசனை புதிதல்ல. 1970இல் அப்பல்லோ 13இன் ஒட்சிசன் தாங்கி வெடித்தபோது தரையில் இருந்த சிமியுலேட்டர்களில்தான் திரும்பி வருவதற்கான படிகளைச் செய்து பார்த்தார்கள். 2002இல் மைக்கல் கிரீவ்ஸ் உற்பத்தித் துறைக்காகச் சொன்ன கருத்து 2010இல் நாசாவின் ஆவணங்களுக்குள் வந்தபோது இன்றைய பெயர் நிலைத்தது. அதற்குப் பிறகு இந்தப் பெயரை ஒட்டாத மென்பொருள் விற்பனையாளர் இல்லை.

ஏவுவதற்கு முன் டெலிமெட்ரி ஏது என்று கேட்பீர்கள். இல்லைதான். அந்தக் கட்டத்தில் இரட்டைக்கு உணவு மேசையிலிருந்து வர வேண்டும்: பொறியியல் மாதிரியின் பற்றரியை ஏற்றி இறக்கி எடுத்த வளைகோடுகள், வெற்றிட அறையில் சூடாக்கிக் குளிராக்கி எடுத்த வெப்ப அளவீடுகள், கமெராவை இருட்டில் வைத்து எடுத்த இரைச்சல் படங்கள். கியூப்சாட்காரர்கள் பாகங்களை எல்லாம் மேசையில் பரப்பி வயரால் இணைத்து வைத்திருப்பார்கள், ஃபிளாட்சாட் என்பார்கள். அதில் உண்மையான சிப்பை வைத்து, கமெரா இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை தயாரித்த படத்தை ஊட்டுவதுதான் நல்ல சோதனை. லெப்டொப்பில் 32 பிட் எண்களில் ஓடிய மொடல் சிப்பில் 8 பிட்டுக்கோ 16 பிட்டுக்கோ சுருங்கும்போது வேறு பதில் சொல்லக்கூடும். இதை லெப்டொப்பில் இருந்துகொண்டு ஊகிக்க முடியாது.

இனி வானத்துக்கு வருகிறேன், எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

எனக்குத் தெரிந்த கம்பஸ் பையன் ஒருவர் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க் கடையில் லெப்டொப்பைத் திறந்து காட்டினார். மேகம் கண்டுபிடிக்கும் மொடல், சென்டினல்-2 படங்கள், இலங்கைக்கு மேலே.

“அண்ணா, 98 வீதம் வருது.”

“டெஸ்ட் படமெல்லாம் எந்த மாசத்து தம்பி?”

“எல்லாம் பெப்ரவரி அண்ணா. மேகம் குறைவு, லேபிள் போட லேசு.”

அவரைக் குற்றம் சொல்லி என்ன, எல்லோரும் இப்படித்தான் தொடங்குவோம். அங்கேயே மே மாதப் படங்கள் சிலவற்றை இறக்கிப் போட்டுப் பார்த்தோம். பம்பலப்பிட்டிக்கு நேர் மேற்கே கடலில் சூரியன் பட்டுத் தெறித்த இடத்தை மொடல் மேகம் என்றது. புத்தளத்து உப்பளங்களையும் மேகம் என்றது. தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைக் கொடுத்தாலும் அதையேதான் சொல்லியிருக்கும். வெள்ளையாக, பளிச்சென்று, சீராக இருப்பது எல்லாம் மேகம் என்று அது முடிவுகட்டியிருந்தது. பெப்ரவரியில் அந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே வந்ததால் யாருக்கும் தெரியவில்லை. ஆனையிறவு உப்பளத்தின் படத்தை எடுத்துவரச் சொன்னால் இந்த மொடல் அதை மேலேயே எறிந்துவிடும்.

ஆனால் மாதத்தைவிட மோசமானது மணி. சென்டினல்-2 சூரியனோடு ஒத்துப் போகும் பாதையில் சுற்றுகிறது, பூமியின் எந்த இடத்தைத் தாண்டினாலும் அங்கே உள்ளூர் சூரிய நேரம் காலை பத்தரை மணியளவில் இருக்கும். அதாவது அதன் படங்களில் நிழல்கள் எல்லாம் பத்தரை மணி நிழல்கள், கொழும்பு எப்போதும் பத்தரை மணிக் கொழும்பு. விண்வெளி நிலையத்திலிருந்து விடப்படும் கியூப்சாட் அப்படி இல்லை. 51.6 பாகை சாய்ந்த பாதை, இன்றைக்குக் காலை ஏழு மணிக்கு மேலே வரும், சில வாரம் கழித்துப் பின்னேரம் நாலு மணிக்கு வரும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இருந்தவர்களுக்குப் பின்னேரம் நாலு மணி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், பகல் முழுக்கப் புழுங்கும், மூன்று மணிக்கு அவிசாவளைப் பக்கம் கறுத்து வரும், பிறகு இடியோடு கொட்டும். அந்த உயரமான இடிமேகக் கோபுரங்களும், சாய்ந்த வெயிலில் அவை தரையில் போடும் நீண்ட நிழலும், சென்டினல் படங்களில் பழகிய மொடலுக்குப் புதினம். நீளமான கரிய நிழலைத் தண்ணீர் என்று அது சொல்லலாம், வெள்ளப் படம் எடுக்கிற செய்மதியாக இருந்தால் அதன் விளைவை நினைத்துப் பாருங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் கடுவலையும் மூழ்கிய நாட்களில் செய்மதிப் படம் தேடியவர்களுக்குத் தெரியும், வெள்ளம் வரும் நாளில்தான் மேகமும் இருக்கும். அந்த நாளில் நமக்கு வேண்டியது மேகத்துக்கு இடையில் ஓட்டையாகத் தெரியும் கொஞ்ச நிலம். 70 வீதம் மேகம் என்றால் எறி என்ற விதியை ஐரோப்பாவிலிருந்து அப்படியே தூக்கி வந்தால் முதலில் குப்பைக்குப் போவது அந்தப் படம்.

இதனால்தான் இரட்டையை நான் கேட்கிறேன். சென்டினல் படத்தை மங்கலாக்கி இரைச்சல் சேர்த்தால் மட்டும் போதாது, சூரியனை நகர்த்த வேண்டும். கடலில் ஒளி தெறிக்கும் கோணத்தைச் சூரியன் இருக்கும் இடம், செய்மதி பார்க்கும் திசை, காற்றால் எழும் சிற்றலை மூன்றையும் வைத்துக் கணக்கிட வேண்டும். இமவாரி போன்ற புவிநிலைச் செய்மதிகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கத்தைப் படம் எடுக்கின்றன, நுணுக்கம் குறைவு என்றாலும் பின்னேர மேகம் எங்கே எழுகிறது, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பது அவற்றில் இருக்கிறது. அதை எடுத்து இரட்டையின் வானத்துக்குள் வைக்கலாம்.

மின்சாரத்துக்கு வருவோம். ஒரு யூனிட் கியூப்சாட்டின் ஒரு முகத்தில் பொருத்தக்கூடிய சோலர் செல் ஏறக்குறைய 60 சதுர சென்ரிமீற்றர். சூரியனிலிருந்து வருவது சதுர மீற்றருக்கு 1,361 வொட், நல்ல செல்லின் திறன் 30 வீதம், ஆக நேராகச் சூரியனைப் பார்த்தாலும் ஒரு முகம் தருவது இரண்டரை வொட்டுக்குள். ஒரு சுற்றுக்கு 92 நிமிடம், அதில் முப்பத்தைந்து நிமிடமளவு இருட்டில். கணினி, ரேடியோ, பற்றரி எல்லாவற்றுக்கும் இதில்தான் சீவியம். அதற்குள் 1.8 வொட் கேட்கும் ஒரு சிப் வந்து நின்றால் மற்றவர்கள் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். 2022இல் ஏ, பி, சி என்று வலயம் பிரித்து அட்டவணை போட்டு மின்வெட்டு நடந்ததே, செய்மதிக்குள் அது தினமும் பதினைந்து தடவை நடக்கிறது.

இதில் என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது தனித்தனியாகச் சோதித்தால் தெரியாத விடயங்கள். மொடலைத் தனியாகச் சோதித்தால் பாஸ். கமெராவைத் தனியாகச் சோதித்தால் பாஸ். இரண்டையும் சேர்த்து ஓட விடுங்கள்: சிப் சூடாகிறது, வெற்றிடத்தில் காற்று இல்லை, விசிறி போட்டும் பயனில்லை, சூடு சுற்றுப்பலகை வழியாகத்தான் போக வேண்டும், அந்தப் பலகையோடு ஒட்டியிருக்கும் கமெராவின் உணரியும் சூடாகிறது. உணரியின் இருள் மின்னோட்டம் (வெளிச்சம் படாதபோதும் அதில் ஓடுவது) ஏறக்குறைய ஆறு முதல் எட்டுப் பாகை கூடும்போதெல்லாம் இரட்டிப்பாகும். படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், அந்தப் படத்தைத்தான் மொடல் அடுத்துப் பார்க்கப் போகிறது. மொடல் ஓடுவதாலேயே மொடலின் கண் கெடுகிறது. முதல் படத்தில் சரியாகச் சொன்னது இருபதாவது படத்தில் தடுமாறும், படங்களை வரிசை மாற்றிச் சோதித்த நம் டெஸ்ட் ஃபைலில் இது எட்டிக்கூடப் பார்க்காது. வெப்பம், மின்சாரம், கமெரா, மொடல் நான்கும் ஒரே கடிகாரத்தில் ஓடும் இரட்டையில் மட்டும்தான் இப்படியான சுழல் வெளியே வரும். இன்னொன்று: இருட்டிலிருந்து வெளியே வரும் நேரம் பற்றரி குளிர்ந்திருக்கும், குளிர்ந்த பற்றரியின் உள்தடை அதிகரிக்க, அந்த நேரம் பார்த்து ரேடியோ பீக்கன் என்ற அடையாளச் சமிக்ஞையை அனுப்ப, சிப் கணக்குப் போட, மின்னழுத்தம் சரிந்து கணினி ரீபூட் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் ரீபூட். கீழே இருப்பவர்கள் மென்பொருளில் பிழை தேடிக்கொண்டு இருப்பார்கள்.

கதிர்வீச்சு. பிரேசிலுக்கும் தென் அத்திலாந்திக்குக்கும் மேலே காந்தப்புலம் பலவீனமான பகுதியைக் கடக்கும்போது வேகமான துகள் ஒன்று நினைவகத்தில் பட்டு ஒரு பிட்டைப் புரட்டிவிடும். மொடலின் ஒரு எடை, அதாவது பழகும்போது அது கற்றுக்கொண்ட எண்களில் ஒன்று, 0.5 என்று வையுங்கள். 32 பிட் மிதவை எண்ணாக அதை எழுதினால் அடுக்குப் பகுதியின் உச்ச பிட் பூச்சியம். அந்த ஒரு பிட் ஒன்றாக மாறினால் 0.5 என்பது 1.7 பெருக்கல் பத்தின் 38ஆம் அடுக்கு ஆகிவிடும். அதற்குப் பிறகு மொடல் எதைப் பார்த்தாலும் ஒரே பதில்தான், அதுவும் முழு நம்பிக்கையோடு. எடைகளை 8 பிட் முழு எண்களாக வைத்திருந்தால் ஒரு பிட் புரண்டாலும் சேதம் அந்த 256 மதிப்புகளுக்குள் அடங்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த சுருக்கம் இங்கேயும் கைகொடுக்கிறது. இரட்டையில் இதைச் சோதிப்பது மிகவும் லேசு, எடைகளில் கண்டபடி பிட்டுகளைப் புரட்டி ஆயிரக்கணக்கான தடவை ஓட விட வேண்டியதுதான். எந்த அடுக்கு தாங்கும், எது விழும் என்று ஒரு இரவில் தெரிந்துவிடும். எடைகளுக்கு ஒரு செக்சம் (ஏதாவது மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) வைத்து, அவ்வப்போது ஃபிளாஷிலிருந்து திரும்ப ஏற்றினால் பெரும்பாலான கதை முடிந்தது.

கண் மட்டுமல்ல, உடம்பையும் மொடலிடம் கொடுக்கிறார்கள். ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகக் குழு சிமியுலேஷனிலேயே பழகிய ஒரு நியூரல் நெட்வேர்க்கிடம் இன்னோகியூப் என்ற மூன்று யூனிட் செய்மதியைத் திருப்பும் வேலையைக் கொடுத்து, 2025 ஒக்டோபரில் சுற்றுப்பாதையில் செய்து காட்டியது. அதில் செய்மதியைத் திருப்பப் பயன்பட்டவை சுழல் சக்கரங்கள். ஒரு யூனிட் செய்மதிகளில் பெரும்பாலும் காந்தச் சுருள்தான் இருக்கும், பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துத்தான் திரும்ப வேண்டும். புலம் எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையை அச்சாக வைத்து மட்டும் சுருளால் திருப்பவே முடியாது. இலங்கைக்கு மேலாக, தென்னிந்தியாவின் முனைக்குப் பக்கத்தில் காந்த மத்தியகோடு போகிறது. இந்தியா தும்பாவில் ரொக்கெட் தளம் வைத்ததற்கே அதுதான் காரணம். நம் தலைக்கு மேலே புலம் கிட்டத்தட்டக் கிடையாக, வடக்கு நோக்கி இருக்கும், வடக்குத் தெற்கு அச்சில் சுருள் கையாலாகாமல் நிற்கும். ஐரோப்பாவுக்கு மேலே செங்குத்துக்குக் கிட்டவாகச் சாய்ந்த புலத்தில் பழகிய மொடல் நம் நாட்டைப் படம் எடுக்க வரும்போது அதன் கை கட்டப்பட்டிருக்கும். உலகக் காந்தப்புலத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் ஐஜிஆர்எஃப் என்ற பொது மொடல் இருக்கிறது, இலவசம், அதை இரட்டைக்குள் போட்டால் போதும். போடாமல் விடுவதுதான் ஆச்சரியம்.

காசு பற்றிக் கேட்பீர்கள். கருவிகள் பெரும்பாலும் சும்மா கிடைக்கின்றன. நாசாவின் மென்பொருள் சரிபார்ப்பு மையம் வெஸ்ட் வேர்ஜினியாவில் இருக்கிறது, அங்கே எழுதிய நொஸ்-3 என்ற சிறு செய்மதிச் சிமியுலேட்டர் திறந்த மூலம். அதைச் செய்து காட்டவே எஸ்ரிஎஃப்-1 என்ற மூன்று யூனிட் கியூப்சாட்டை 2018 டிசெம்பரில் எலெக்ட்ரோன் ரொக்கெட்டில் அனுப்பினார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பசிலிஸ்க்கும் அப்படித்தான், இறக்கி ஓட விடலாம். சாதாரண லெப்டொப் போதும். தட்டுப்பாடு மென்பொருளில் இல்லை, அளவீடுகளில். உண்மையான செய்மதியின் டெலிமெட்ரி எப்படி இருக்கும் என்று பார்க்காதவர் கட்டிய இரட்டை எப்போதும் மிகவும் துப்புரவாக இருக்கும். பாதியில் பாக்கெட் தொலையாது, கடிகாரம் நழுவாது, வெப்பமானி திடீரென்று மைனஸ் 273 சொல்லாது. அந்தத் துப்புரவில் கோளாறு கண்டுபிடிக்கும் மொடலைப் பழக்கினால் அது சிமியுலேட்டரைப் படிக்கக் கற்றுக்கொள்ளும். நாம் செயற்கையாகப் புகுத்திய கோளாறுகள் எல்லாம் ஒரு முழு விநாடியில் தொடங்கினால், மொடல் பற்றரியைப் பார்க்காது, முழு விநாடியைப் பார்க்கும். மதிப்பெண் நூற்றுக்கு நூறு வரும்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வுகூடத்தின் ஸ்பீட் பிளஸ் தரவுத்தொகுப்பில் பார்க்கலாம். இன்னொரு விண்கலத்தின் படத்தைப் பார்த்து அது எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லும் வேலை. 59,960 கணினிப் படங்கள், அதோடு ஆய்வுகூடத்தில் உண்மையான மாதிரிக் கலத்தை விளக்கு வெளிச்சத்தில் வைத்து எடுத்த 9,531 படங்கள். கணினிப் படங்களில் நன்றாக ஓடிய மொடல்கள், சூரிய வெளிச்சத்துக்குப் பதிலாக வைத்த விளக்கின் கூசும் ஒளியில் எடுத்த படங்களில் தடுமாறின. 2021இல் ஐரோப்பிய முகமையோடு சேர்ந்து இதைப் போட்டியாகவே வைத்தார்கள்.

ஆகவே உண்மைத் தரவைத் தேடிப் போய் இரட்டையை அழுக்காக்க வேண்டும். ஐரோப்பிய முகமையின் ஒப்ஸ்-சாட், 2019 டிசெம்பரிலிருந்து 2024 மே மாதம் எரிந்து விழும் வரை, யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளை அனுப்பி ஓட விடக்கூடிய பறக்கும் ஆய்வுகூடமாக இருந்தது. அதன் டெலிமெட்ரியைக் கோளாறு கண்டுபிடிக்கும் மொடல்களுக்காகத் திறந்து விட்டிருக்கிறார்கள். சற்நொக்ஸ் என்ற தன்னார்வ வலையமைப்பில் உலகம் முழுக்க அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பிடித்த கியூப்சாட் சமிக்ஞைகள் குவிந்து கிடக்கின்றன. நம் செய்மதிகள் பறந்த காலத்துப் பற்றரி, வெப்பப் பதிவுகளையும் யாராவது ஒழுங்கு பண்ணிப் பொதுவில் போட்டால், அடுத்த செய்மதி கட்டுபவர்களுக்கு அது ஒரு புதிய பாகத்தை வாங்கிக் கொடுப்பதைவிடப் பெறுமதி. பற்றரி வருடத்துக்கு 5,500 தடவைக்கு மேல் ஏறி இறங்கிக் கிழடாகும் விதத்தை எந்தச் சமன்பாடும் அவ்வளவு சரியாகச் சொல்லாது.

கொழும்புக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் அதை வசதி என்று நினைப்பதில்லை. மருதானையிலும் தெமட்டகொடையிலும் வெளிநாட்டுக் கம்பனிகளின் மென்பொருளை உடைத்துப் பார்ப்பதையே தொழிலாகச் செய்யும் கியூஏ ஆட்கள் ஏராளம். இரட்டையில் மொடலைச் சோதிப்பது அடிப்படையில் அந்த வேலைதான். ஆயிரம் தடவை ஓட விட்டுச் சராசரி எடுத்து அறிக்கையில் போடுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. எந்தச் சூரியக் கோணம், எந்த வெப்பம், எந்த பற்றரி மட்டம் ஒன்றாகச் சேர்ந்தால் இது விழுகிறது என்று அந்த மூலையைத் தேடிப் போகிற ஆள் வேண்டும். அந்த மூலை கிடைத்தால் அங்கே மொடலை ஓட விடாமல் ஒரு எளிய விதியைப் போடலாம். உண்மையைச் சொன்னால், ஒரு யூனிட் செய்மதிகள் பலவற்றுக்கு வெளிச்சத்தின் சராசரியைப் பார்க்கும் ஒற்றை வரி விதியே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும், மொடல் அதைவிட எவ்வளவு நல்லது என்பதையும் இரட்டையிலேயே அளந்து பார்க்க வேண்டும். அளக்க மாட்டார்கள், ஏனென்றால் ப்ரொஜெக்டின் தலைப்பில் ஏஐ இருக்கிறது.

மேலே போனபிறகும் முதல் சில வாரங்களுக்கு மொடலிடம் எறியும் அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அது தன் முடிவைச் சொல்லட்டும், பதிவாகட்டும், படம் அப்படியே இருக்கட்டும். தபால் முத்திரையளவு சின்னப் படங்களை மட்டும் கீழே இறக்கி, மொடல் சொன்னதையும் இரட்டை எதிர்பார்த்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே விலகுகிறது என்று தெரியும். விலகுகிற இடத்தில் இரட்டையைத் திருத்தி, மொடலைத் திரும்பப் பழக்கி, சில நூறு கிலோபைட்டுக்குள் மாறிய எடைகளை மட்டும் மேலே அனுப்பலாம். அனுப்பும் வழி இருக்க வேண்டும், முதல் நாளே அதைக் கட்டியிருக்க வேண்டும்.

ஏவுவதற்கு ரொக்கெட்டும் டொலரும் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கக்கூடியது ஒன்று உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை இலங்கைக்கு மேலே எடுத்த சென்டினல்-2 படங்களை இறக்கி, மேகம், கடல் ஒளி, உப்பளம், மேக நிழல், வெள்ளம் என்று லேபிள் போட்டு, கியூப்சாட் கமெராவின் தரத்துக்கு இறக்கி, எல்லோருக்கும் திறந்து வைப்பது. கம்பஸ் பிள்ளைகள் சிலர் ஒரு விடுமுறையில் செய்யக்கூடிய வேலை. ஒரே படத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். புத்தளம் களப்புக்கு மேலே பரவியிருக்கும் மெல்லிய முகிலை ஒருவர் மேகம் என்பார், மற்றவர் தரை தெரிகிறதே, எப்படி மேகம் என்பார். அந்த இருவரும் எத்தனை வீதம் ஒத்துப்போகிறார்கள் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள், மொடலிடம் அதற்கு மேல் கேட்பதில் பொருள் இல்லை.